கிட்டாருக்குள் மோட்டார் எதற்கு?

தந்திராஜ்:
கிட்டார் வாசிப்பவர்கள் எல்லாரும் பழைய பஞ்சாங்கங்களாம், புதுத் தொழில்நுட்பம் என்றாலே ஓடுவார்களாம், கிப்சன் கம்பெனி கிட்டார்களில் வைத்த, மோட்டாரால் கம்பிகளைத் தானே சுருதி சேர்க்கும் தானியங்கி டியூனர் தோற்றது அதனால்தானாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2015இல் என்ன நடந்தது என்று தெரிந்துதான் எழுதினாரா? அந்த வருட மாடல்களில் பெரும்பாலானவற்றை ஜி-ஃபோர்ஸ் என்கிற மோட்டார் டியூனரோடுதான் விற்றார்கள். விலை ஏறியது, விரல் வைக்கும் கழுத்தான நெக் அகலமானது, அதன் மேல்முனையில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் துண்டான நட்டைப் பித்தளையில் போட்டார்கள். கேட்காததை எல்லாம் தலையில் கட்டினால் யார் வாங்குவார்கள்? 2016இலேயே மோட்டார் இல்லாத வரிசையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஐந்தாம் ஃப்ரெட்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வந்தபோது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்றும், சுருதியை அசைக்கும் ஸ்பிரிங் வைத்த டிரெமோலோவும் புதுமைதான். இன்று அதையே கோயில் சிலை மாதிரி கும்பிடுகிறீர்கள். மோட்டார் மட்டும் கசக்கிறதா? மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தடித்த ஈ கம்பியை டி-க்கு இறக்கும் டிராப் டி சுருதி என்றால், பட்டனை அழுத்தினால் சில நொடியில் மாறிவிடும். அதில் என்ன குறை, சொல்லுங்கள்.

தந்திராஜ்:
குறை எங்கே என்று சொல்கிறேன். கிப்சனின் லெஸ் பால் வகைக் கிட்டாரில் மூன்றாவதான ஜி கம்பியைப் பாருங்கள். சுருதிக் கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும், நட்டைத் தாண்டியதும் கம்பி பக்கவாட்டில் விலகிப் போகும். அதனால் நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். கீயைத் திருகத் திருக ஒன்றும் நடக்காது, திடீரென்று 'டிங்' என்று துள்ளிச் சுருதியைத் தாண்டிவிடும். கை திருகினாலும் அதேதான், மோட்டார் திருகினாலும் அதேதான். பள்ளத்தை ஒழுங்காக அராவி, கொஞ்சம் பென்சில் கரியைத் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேட்டரியும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

ஐந்தாம் ஃப்ரெட்:
நான் கேட்டது டிராப் டி. நீங்கள் பேசுவது ஜி கம்பி.

பேஸ் மணி:
அண்ணா, பேட்டரிதான் பிரச்சினை என்றால் இஎம்ஜி மாதிரி ஆக்டிவ் பிக்கப்புக்கும் 9 வோல்ட் பேட்டரி வேண்டுமே? மெட்டல் வாசிப்பவர்கள் யாரும் அதற்காக அழவில்லை.

தந்திராஜ்:
தம்பி, அதையும் பார்த்தாயிற்று. ஆக்டிவ் பிக்கப்பில் கேபிள் சொருகியபடி இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் குழுவில் ஒரு பையன் ரிகர்சல் முடிந்து அப்படியே விட்டுவிட்டுப் போனான். மறுநாள் ரிசப்ஷனில் இரண்டாவது பாட்டிலேயே சத்தம் கரகரத்து, அப்புறம் சுத்தமாகப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மேடையையே பார்க்கிறார்கள்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆம்ப் ஒலியைக் கம்ப்யூட்டரால் உருவாக்கும் கெம்பர் வாங்குகிறோம், ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வாங்குகிறோம். தரையில் இருக்கிற பெட்டிக்குள் எவ்வளவு கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் வையுங்கள், பழசானால் மாற்றிக்கொள்கிறேன். மரத்துக்குள் வைத்தால் கிட்டாரும் சேர்ந்து பழசாகிவிடும். 1954இல் செய்த ஸ்ட்ராட் இன்றும் பாடுகிறது. 2007இல் கிப்சன் மோட்டார் டியூனரோடு விட்ட ரோபோட் கிட்டாரின் சர்க்யூட் போர்டு போனால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

ஐந்தாம் ஃப்ரெட்:
ஆக, தொழில்நுட்பம் வேண்டும்! நான் சொன்னதுக்கே வந்துவிட்டீர்கள்.

தந்திராஜ்:
எங்கும் வரவில்லை. ஜி கம்பிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பேஸ் மணி:
எப்படியோ, இந்த மோட்டாரால்தானே 2018இல் கிப்சன் திவால் மனு கொடுத்தது?

ஐந்தாம் ஃப்ரெட்:
தெரியாததைப் பேசாதீர்கள் மணி. 2014இல் பிலிப்ஸின் ஆடியோ தொழிலை 13.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்தப் பக்கம் ஏறிய கடன் கழுத்தை நெரித்தது. டியூனருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தந்திராஜ்:
சம்பந்தம் இருக்கிறது. கிட்டார் கம்பெனி கிட்டாரை விட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸ் பின்னால் ஓடியது, இரண்டும் ஒரே புத்திதான். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த கிப்சனின் ஃபயர்பேர்ட் எக்ஸ் கிட்டார்களை வரிசையாக அடுக்கி இயந்திரம் ஏற்றி நொறுக்கிய வீடியோ 2019இல் வந்ததே, பார்க்கவில்லையா?

ஐந்தாம் ஃப்ரெட்:
பழுதானவை, விற்க முடியாதவை என்று கம்பெனியே விளக்கம் சொன்னது. அதை மட்டும் விட்டுவிடுவீர்கள். ஃப்ளாய்ட் ரோஸ் டிரெமோலோ பற்றிய சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள், எனக்கு மறக்கவில்லை.

தந்திராஜ்:
ஃப்ளாய்ட் ரோஸை நான் குறை சொல்லவே இல்லை. அது கம்பியை நட்டிலேயே பூட்டுகிறது, வேலை செய்கிறது, பேட்டரி கேட்பதில்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன், நீங்கள்தான் கோபித்துக்கொண்டு போனீர்கள்.

ஐந்தாம் ஃப்ரெட்:
சரி, மோட்டாரே வேண்டாம். லைன் 6 கம்பெனியின் வேரியாக்ஸ் கிட்டார்? கம்பியைத் தொடாமலே, ஆம்ப்புக்குப் போகும் ஒலியின் சுருதியை மட்டும் கம்ப்யூட்டரால் மாற்றும். நட்டில் சிக்கலும் இல்லை, பென்சிலும் இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள்?

தந்திராஜ்:
வீட்டில் ஆம்ப் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்துப் பாருங்கள். கையடியில் கம்பி ஈ-யில் ஒலிக்கும், ஆம்ப்பில் டி கேட்கும். இரண்டும் ஒன்றாகக் காதில் விழும்போது எப்படி வாசிப்பீர்கள்? மேடை என்று ஆரம்பிக்காதீர்கள். நாம் பாதி நேரம் வாசிப்பது வீட்டில்தான். ஜி கம்பிக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் ஃப்ரெட்:
டிராப் டி-க்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை.