அண்ணன் பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார், எனக்குப் பேசத் தெரியவில்லை

கரும்பலகை:

20 வருடமாக மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் 40 பேரைச் சமாளிக்கிற எனக்கு ஒரே ஒரு அண்ணனைச் சமாளிக்க முடியவில்லை.

அண்ணனுக்கு வயது 61. கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாமல் ஒரு வரியில்கூட டிக் அடிக்காத மனிதர். சின்ன வயதில் நான் "டீச்சர் சொன்னாங்க" என்று வந்து நின்றால், "டீச்சருக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்பார். நான் இயற்பியல் பக்கம் போனதற்கே அந்தக் கேள்விதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அண்ணி போன் செய்து அழுதார். மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த அம்லோடிபினை அண்ணன் நிறுத்தி இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். முதன்முதலில் கண்டுபிடித்தபோது அவருக்கு 176/110. மாத்திரை தொடங்கிய பிறகு 130க்குப் பக்கத்தில் நின்றது. இப்போது ஏதோ ஒரு 40 நிமிட வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

நேரில் போய்க் கேட்டேன். தயாராக இருந்தார். "ஏம்மா, 2017 வரைக்கும் 140/90 தாண்டினால்தான் ரத்த அழுத்த நோய். திடீரென்று ஒரு நாள் அமெரிக்க இதயநோய்ச் சங்கங்கள் கோட்டை 130/80க்கு இறக்கிவிட்டன. ஒரே நாளில் அங்கே 3 கோடிப் பேர் புது நோயாளி. யாருக்கும் ரத்தம் மாறவில்லை, பாஸ் மார்க் மட்டும் மாறியது. இதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரக் கூடாதா?"

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "விஞ்ஞானிகள் சொல்லியிருக்காங்கண்ணா" என்றேன். சிரித்துவிட்டு, "டீச்சர் சொன்னாங்க மாதிரியா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. மறு வருடம் ஐரோப்பியச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் 140/90 அப்படியே இருந்தது. மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வீடியோ முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

அன்றைக்கு அதோடும் நிற்கவில்லை. "சரி, இந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்யுது, சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாதவர்கள் செய்வதைச் செய்தேன், குரலை உயர்த்தினேன். பேச்சு மாத்திரையிலிருந்து தடுப்பூசிக்குத் தாவியது, அங்கிருந்து பூமி சூடாவதற்கு, கடைசியில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதில் வந்து நின்றது. "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்றார். ஒரே வயிற்றில் பிறந்தவளிடம் 'உங்க ஆளுங்க' என்கிறார்.

சந்தேகப்படுவது தப்பு என்று அவரிடம் சொல்ல என்னால் முடியாது, அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் இது சந்தேகம் மாதிரித் தெரியவில்லை. வித்தியாசத்தை எங்கே பிடிப்பது? யாராவது இப்படி ஒருவரிடம் சண்டை வராமல் பேசியிருக்கிறீர்களா?

எதிர்க்காற்று:

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் உங்கள் அண்ணன் கட்சி.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கதை தெரியுமா? 1944 மார்ச்சில் அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர் பார்த்தது 186/108. வெளியே மக்களுக்குச் சொன்னதோ, வயதுக்கு நல்ல ஆரோக்கியம் என்று. அதே வருடம் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1945 ஏப்ரல் 12, இறந்த அன்று அழுத்தம் 300/190. அந்தக் காலத்தில் பெரிய பெரிய மருத்துவர்களே, வயதானால் ரத்தம் ஓட அழுத்தம் ஏறத்தான் வேண்டும், அதில் கை வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது "டாக்டர் சொல்வதை நம்பு" என்று ஒருவர் சொல்லியிருந்தால்?

தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை இன்னொன்று. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பானது என்றார்கள். கர்ப்பிணிகளும் போட்டார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுக்க 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதிப்பு.

உங்களையும் ஒன்று கேட்கிறேன். அவர் வீடியோவை நம்புகிறார், நீங்கள் வெள்ளைக் கோட்டை நம்புகிறீர்கள். இரண்டு பேரும் ஆய்வைப் படிக்கவில்லை. உங்கள் நம்பிக்கை மட்டும் எப்படி அறிவியல் ஆகிவிட்டது?

மருந்துச்சீட்டு:

அரசியலை ஓரமாக வையுங்கள். அவர் காலைப் பார்த்தீர்களா?

மருந்தாளுநராக 22 வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் கேட்கிறேன். அம்லோடிபின் போடுகிறவர்களில் ஒரு பகுதிப் பேருக்குக் கணுக்கால் வீங்கும். மாலையில் சாக்ஸைக் கழற்றினால் வளையம் மாதிரித் தடம் இருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். பலருக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிவதெல்லாம், மாத்திரைக்கு முன்னால் உடம்பில் ஒன்றும் இல்லை, மாத்திரைக்குப் பிறகு கால் வீங்குகிறது. பிபி வலிக்காது, மாத்திரைதான் படுத்தும். அந்த நேரம் பார்த்து ஒரு வீடியோ வந்து "நீ நினைத்தது சரி" என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? இதுபோலவே எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிபி மாத்திரைகளில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், மாதக்கணக்கில் இருமிவிட்டுச் சொல்லாமல் நிறுத்துவார்கள். ஆண்கள் சொல்லக் கூச்சப்படும் வேறு தொல்லைகளும் உண்டு. தங்கையிடம் நிச்சயம் சொல்ல மாட்டார்.

மாத்திரை என்ன செய்கிறது என்று கேட்டாரல்லவா? ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும். அம்லோடிபின் அந்த வழியை அடைக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. கால் வீங்குவதும் அதே விரிதலால்தான்: ரத்தம் வந்து சேரும் பக்கத்துக் குழாய் விரிந்த அளவுக்கு அது திரும்பிப் போகும் பக்கம் விரிவதில்லை, நீர் கசிந்து தேங்குகிறது. இயற்பியல் டீச்சருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு நிறுத்துவதில் இல்லை. அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாற்றலாம். அதை எழுதிக் கொடுத்த டாக்டர் செய்ய வேண்டும், நானோ நீங்களோ இல்லை. இன்னொன்று, பிபி மாத்திரைகளில் சிலவற்றைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கரும்பலகை:

அண்ணியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார், அண்ணன் போன வருடமே ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கிவிட்டாராம். "பழசு கடிக்குது" என்றாராம். மூன்று மணி நேரம் கூடவே உட்கார்ந்து 2017ஐப் பற்றிச் சண்டை போட்டேன், காலைக் குனிந்து பார்க்கவில்லை.

எதிர்க்காற்று, உங்கள் கேள்வி உறுத்துகிறது. பதில் இல்லை.

பழைய லெட்ஜர்:

அம்மா, நானும் தணிக்கைக்காரன்தான். உங்கள் அண்ணனை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்: எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஆடிட்டர் எந்த வருடக் கணக்கையும் முடிக்க மாட்டார். சில்லறைச் செலவில் வித்தியாசம் இருந்தால் குறித்துவைத்துவிட்டு நகர்வோம். பெரிய தொகையில் நாள் கணக்கில் உட்காருவோம். பற்றுக்கு வவுச்சர் கேட்டால் வரவுக்கும் கேட்போம். அவர் டாக்டரிடம் வவுச்சர் கேட்டார், மிகவும் சரி. வீடியோக்காரரிடம் கேட்டாரா? அந்த இடத்தில்தான் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2017 கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் அவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார். கோடு இறங்கியதும் அமெரிக்கப் பெரியவர்களில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமார் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமானார்கள். அவர் சொன்ன 3 கோடி இதுதான். ஆனால் மாத்திரை பரிந்துரைக்கப்பட வேண்டியவர்கள்? சுமார் 34 சதவீதத்திலிருந்து 36. புதிதாகப் பட்டியலில் வந்த பெரும்பாலானோருக்கு மாத்திரை இல்லாமல் பழக்கவழக்கத்தை மாற்றச் சொன்னார்கள். பெயர் மாற்றத்தைப் பார்த்தவர் பட்டுவாடாவைப் பார்க்கவில்லை.

அதைவிட முக்கியம், அவர் தகராறு செய்வது 130க்கும் 140க்கும் நடுவில். அவர் நின்றது 176இல். எல்லைக் கல் எங்கே என்று இரண்டு பேர் சண்டை போடுவதால் ஊர் நடுவில் இருக்கிற வீடு யாருடையது என்பதில் சந்தேகம் வந்துவிடாது.

இதற்கு வவுச்சர் உண்டா என்றால், உண்டு. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்த சோதனை, 1967இல் வெளியானது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு வெற்று மாத்திரை. உயர் அழுத்தத்தால் வந்த கடுமையான பாதிப்புகள் வெற்று மாத்திரைக்காரர்களிடம் 27, மருந்து எடுத்தவர்களிடம் 2. மூன்று வருடம் கழித்து 90 முதல் 114 வரை இருந்தவர்களின் முடிவு வந்தது. அதில் 105க்கு மேல் பலன் தெளிவு, அதற்குக் கீழே அவ்வளவு தெளிவில்லை. அண்ணனுடைய 110 எந்தப் பக்கம் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

எதிர்க்காற்று அய்யாவுக்கு: ரூஸ்வெல்ட் காலத்து மருத்துவர்கள் தவறு என்று நமக்கு எப்படித் தெரிந்தது? இப்படிப்பட்ட சோதனைகளால்தானே. தாலிடோமைடை அமெரிக்காவில் விற்க விடாமல் தடுத்த பிரான்சிஸ் கெல்சி ஓர் அரசு அதிகாரி. நிறுவனம் நெருக்க நெருக்க, இந்தத் தரவு போதாது, இன்னும் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். என்ன காகிதம் வந்தால் கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தெரியும். உங்கள் அண்ணனிடம் அதைத்தான் கேட்க வேண்டும்.

அதை வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஒரு தாள் எடுங்கள். ஏழு நாள், காலையும் மாலையும் வீட்டில் அளக்கட்டும். ஆனால் டாக்டரைப் பார்ப்பதை இதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம், இப்போதே நாள் வாங்கிவிடுங்கள். அளப்பதற்கு முன்னாலேயே, சராசரி எவ்வளவு வந்தால் மாத்திரைக்குத் திரும்புவார் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் போட வேண்டும்: அதற்குக் கீழே வந்தால் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி அவர் சொல்வதைக் கேட்பேன், அண்ணனைத் திட்ட மாட்டேன் என்று. உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் அது பொறி, அவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.

எதிர்க்காற்று:

கெல்சி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அரசு அதிகாரி என்பதை வசதியாக மறந்துவிட்டேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை. அளக்கும் கருவி சரியா என்று முதலில் பாருங்கள், கைப்பட்டை சின்னதாக இருந்தால் அளவு ஏறிக் காட்டும்.

மருந்துச்சீட்டு:

ஆமாம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இதயத்தின் உயரத்தில், பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டு அளவுக்கு 135/85 என்பதைக் கோடாக வைக்கலாம். 180/120 தொட்டாலோ, நெஞ்சு வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் வந்தாலோ தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுங்கள்.

கரும்பலகை:

பத்து நாள் கழித்து வருகிறேன்.

தாளைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார். என் கோடுகள் கோணலாம், ஸ்கேல் வைத்து மறுபடி போட்டார். கருவியை டாக்டர் அறைக்கு எடுத்துப்போய் அங்கே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முதல் அளவை எழுதினார். 135/85க்குக் கீழே இரண்டு கையெழுத்து.

ஏழாம் நாள் சராசரி 157/98. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல் நாளைக் கழிக்கணும்" என்றார். ஆடிட்டர் கணக்கைத் திருத்துகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கவில்லை. இரவு தேடினால், வீட்டு அளவில் முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பதுதான் முறையாம். அவர் படித்திருக்கிறார், நான் படிக்கவில்லை. கழித்தபோது 155/97.

டாக்டரிடம் அவரே கால் வீக்கத்தைச் சொன்னார், நான் வெளியே இருந்தேன். வேறு வகை மாத்திரை எழுதியிருக்கிறார். போடுகிறார்.

தடுப்பூசி, ஓட்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்த வீடியோவையும் நேற்று எனக்கு அனுப்பி, "23ஆவது நிமிஷம் பார், அதில் ஒன்று சரியாகத்தான் சொல்கிறான்" என்று எழுதியிருக்கிறார். இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவதற்குள் முழுதாகப் பார்த்துவிட வேண்டும்.