புதுப்பிப்பு: கெர்வியேல் வழக்கில் பழி யாருக்கு?

பிரான்சின் சொசியேட்டே ஜெனரால் வங்கிக்கு 2008-இல் வந்த 490 கோடி யூரோ இழப்புக்கு, அனுமதியின்றிப் பெரும் தொகைக்கு வர்த்தகம் செய்த அதன் ஊழியர் ஜெரோம் கெர்வியேல் மட்டும்தான் பொறுப்பா என்று முன்பு எழுதியிருந்தேன். "அவருக்குத்தான் தண்டனை கிடைத்துவிட்டதே, பிறகென்ன?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள்.

2010-இல் சிறையோடு, முழுத் தொகையையும் அவரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. 2014-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் சிறைத்தண்டனையை உறுதிசெய்து, இழப்பீட்டை மட்டும் ரத்து செய்து, அதை மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2016-இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 10 லட்சம் யூரோவாகக் குறைத்தது. வங்கியின் கண்காணிப்புக் குறைகளும் இழப்புக்கு வழிவிட்டன என்பதே காரணம்.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அவர் போலிப் பதிவுகள் செய்தார், பொய் சொன்னார். அதை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் 2007 நவம்பரிலேயே அவர் வர்த்தகம் செய்த யூரெக்ஸ் என்ற ஐரோப்பிய நிதிச் சந்தை அவருடைய வர்த்தகம் பற்றி வங்கியிடம் விளக்கம் கேட்டது. அவர் சொன்னதையே பதிலாக அனுப்பிவிட்டு அத்தோடு விட்டுவிட்டவர்களை வெறும் ஏமாந்தவர்கள் என்று என்னால் ஏற்க முடியவில்லை.