டிரையர் ஓடினால்தான் மாடி விளக்கு எரியும்

கரண்ட் கம்பி வழியாகவோ வயர்லெஸ்ஸிலோ வீட்டு விளக்கை இயக்கிப் பார்த்தவர்கள், பட்ட பாட்டைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2006-இல் இங்கே நியூ ஜெர்சி வீட்டில் எக்ஸ்-10 மாட்டினேன். 1975-இல் ஸ்காட்லாந்தில் உருவான பழைய முறை. புதிதாக ஒயர் இழுக்க வேண்டாம். இருக்கிற மின்கம்பியிலேயே, மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை ஏற்றி அனுப்பும். கீழ்த்தள விளக்குகள் சொன்னபடி கேட்டன. மாடி விளக்குதான் முரண்டு பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும் டிரையர் ஓடிக்கொண்டிருந்தபோது ரிமோட்டை அழுத்தினால், சமத்தாக எரிகிறது! டிரையர் நின்றதும் பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம்தான் புரிந்தது. இங்கே வீட்டுக்குள் 120 வோல்ட்டில் இரண்டு கம்பிகள் வரும். சிக்னல் அனுப்பும் பெட்டி ஒன்றில், மாடி இன்னொன்றில். 240 வோல்ட் டிரையர் ஓடும்போது இரண்டுக்கும் பாலம் போட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து, இரண்டு கம்பிகளுக்கும் இடையே சிக்னலைக் கடத்தும் ஒரு கப்ளர் பொருத்தியதும் சரியானது. லேப்டாப் சார்ஜர் ஒன்று சிக்னலை விழுங்கியது தனிக்கதை. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கித்தான் பிடித்தேன்.

மறுமொழி:
எங்கள் வீட்டில் பேய்க்கதை. நடுராத்திரி வராந்தா விளக்கு தானாக எரியும். மனைவி விபூதி பூசாத குறை. பார்த்தால், பக்கத்து வீட்டிலும் எக்ஸ்-10, இரு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக் குறியீடாகத் தேர்ந்தெடுக்க 16 எழுத்துகள் இருந்தும் இருவருமே பெட்டியில் வந்த ‘ஏ’யை மாற்றவில்லை!

மறுமொழி:
சென்னையில் நான் ஜிக்பீ, அதாவது வயர்லெஸ் முறை. நான் பார்த்த ஸ்மார்ட் சுவிட்சுக்குத் தேவையான நியூட்ரல் ஒயர் சுவிட்ச் பெட்டியில் இல்லாததால் பல்புகளையே மாற்றினேன். ஒரு பல்பு அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும். பால்கனிக்கு ஹால் பல்புதான் வழி. மாமியாரோ படுக்கப் போகுமுன் ஹால் சுவிட்சை அணைத்துவிடுவார், நாற்பது வருடப் பழக்கம். அதோடு பால்கனியும் போச்சு. அவரிடம் சொல்லிப் பார்த்து அலுத்து, செய்தியைக் கைமாற்ற ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஜிக்பீ பிளக் மாட்டினேன். அதை யாரும் அணைப்பதில்லை.

மறுமொழி:
ஃபிரிட்ஜ் யோசனை பிரமாதம். நானும் வீட்டுக்குள் ஜிக்பீக்கு மாறிவிட்டேன். தோட்டத்துத் தகரக் கொட்டகை மட்டும் இன்னும் எக்ஸ்-10. ரேடியோ அந்தத் தகரத்தைத் தாண்டவில்லை, கம்பிக்கு அந்தக் கவலை இல்லை.