கையெழுத்து போன்ற தமிழ் எழுத்துரு: உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கான 24 பக்கப் படக்கதை நூல் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். அதன் தலைப்புக்கும் உரையாடல் குமிழிகளுக்கும், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கி, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கட்டணமின்றிக் கிடைக்கும் ‘கவிவனார்’ எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். வலப்புறம் சற்றே சாய்ந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதியது போன்ற தோற்றம் தருவதால் தலைப்பில் அது மிக அழகாக இருக்கிறது.

குமிழிகளில்தான் சிக்கல். ‘தத்தித் தத்தி’ என்று வரும் இடத்தில் இரண்டு ‘தி’யும் வார்த்தெடுத்தது போல ஒரே வடிவில் நிற்பதால், கையால் எழுதிய உணர்வு அங்கேயே கலைந்துவிடுகிறது. எழுத்துகளை அவுட்லைனாக (கோடுகளை இழுத்து மாற்றக்கூடிய வரைவடிவமாக) மாற்றி, ஒரு ‘தி’யின் மேல்விலங்கை மட்டும் சற்று நீட்டிப் பார்த்தேன், பலன் கிடைத்தது, ஆனால் நூல் முழுவதற்கும் அப்படிச் செய்வது நடக்கிற காரியமா? மேலும், இதில் ஒரே தடிமன்தான் உண்டு. மென்பொருள் செயற்கையாகத் தடிப்பாக்கினால் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. ‘பலூ தம்பி 2’ எழுத்துருவில் ஐந்து தடிமன்கள் இருந்தாலும், அதன் உருண்டை வடிவம் கையெழுத்தாகத் தோன்றவில்லை.

ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும்போது மாற்று வடிவத்தைத் தானாகவே இடும் ஓப்பன்டைப் (எழுத்துருக் கோப்பு வகை) வசதியுள்ள தமிழ்க் கையெழுத்து எழுத்துரு எதையேனும் நீங்கள் அச்சு நூலில் பயன்படுத்தியதுண்டா? விலை கொடுத்து வாங்குவதாயினும் சரி, பெயரையும் உரிம விவரத்தையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.