நியூயார்க் பிளேகிரவுண்டில் குழந்தை இல்லாமல் உட்கார்ந்தால் அபராத டிக்கெட்: அனுபவப் பகிர்வு

கேட்டில் இருக்கும் போர்டு ஒன்று சொல்லும், விதிப்புத்தகம் இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லும். குழந்தையோடு வராத பெரியவர்களுக்கு அனுமதி இல்லை என்பது போர்டு. நகரப் பூங்காத் துறை விதி 1-05(எஸ்) அந்தக் குழந்தைக்கு வயதும் வைத்திருக்கிறது: 12-க்குக் கீழே. 13 வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனால் கணக்கில் வராது.

ஆள் வேலிக்குள்ளே இருக்கிறாரா, கூடப் பிள்ளை இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். எதற்கு வந்தார், என்ன செய்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. அதனால்தான் 2010 அக்டோபரில் இன்வுட் ஹில் பார்க்கில் செஸ் ஆடிக்கொண்டிருந்த 7 பேருக்கு சம்மன் கொடுத்தார்கள். செஸ் மேஜையைப் பிளேகிரவுண்ட் வேலிக்கு உள்ளேயே பதித்து வைத்தது நகர நிர்வாகம்தான்! 2011 ஜூனில் புரூக்ளின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட்டில் உட்கார்ந்து டோநட் சாப்பிட்ட 2 பெண்களுக்கும் இதே கதி. பிள்ளை பிடிக்கிறவனைத் தடுக்கப் போட்ட விதி டோநட்டில் வந்து நிற்கிறது.

பெயரில் 'பிளேகிரவுண்ட்' என்று இருந்தால் முழு இடமும் குழந்தைகளுக்கு மட்டும் என்று அர்த்தமில்லை. பாஸ்கெட்பால், ஹேண்ட்பால் கோர்ட், வெளிப்பக்க பெஞ்சுகள் பெரும்பாலும் பொது. ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும் உள்வேலிதான் ஆபத்தான எல்லை. வெளி கேட்டில் போர்டு, உள் கேட்டில் ஒன்றும் இல்லை என்றால் எந்த எல்லை என்பதே வாதத்துக்கு உரியது.

*

அந்த வாதத்துக்கு டிக்கெட்டில் எழுதியிருக்கும் விதி எண் முக்கியம். பலருக்கும் 1-05(எஸ்) போடமாட்டார்கள். 1-03(சி)(2), அதாவது பூங்கா போர்டை மீறியது என்று போடுவார்கள். போர்டை மீற, முதலில் கண்ணில் படும்படி போர்டு இருக்கவேண்டும். அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள்: நீங்கள் நுழைந்த கேட், போர்டு இருந்தால் அதன் நிலை (மரக்கிளை மறைத்தது, எழுத்து அழிந்தது), உட்கார்ந்த இடத்திலிருந்து ஊஞ்சல் வரை ஒரே ஃபிரேமில் ஒன்று. மறுநாள் போய் எடுத்தால் "அன்றைக்கு அப்படி இல்லை" என்று சொல்ல வழி கொடுத்தது மாதிரி.

அதே பிரிவில் இன்னொன்று, 1-03(சி)(1): அதிகாரி சொன்னதைக் கேட்காதது. "வெளியே போங்க" என்றதும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். வாதாடுவதற்குப் பிறகு ஹியரிங் (விசாரணை) இருக்கிறது. அங்கேயே வாதாடினால் ஒரு டிக்கெட் இரண்டாகும்.

*

டிக்கெட்டில் எங்கே ஆஜராகச் சொல்லியிருக்கிறது என்று உடனே பாருங்கள். 2017 ஜூன் 13 முதல் பூங்கா விதிமீறல்கள் பெரும்பாலும் சிவில் சம்மன்தான். ஓஏடிஎச் என்ற நிர்வாக ஹியரிங் அலுவலகத்துக்குப் போகும். போனிலேயே ஹியரிங் நடத்தலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் கட்டணமில்லை. போகாமல் விட்டால் டிஃபால்ட் (ஆஜராகாததால் உங்களுக்கு எதிரான முடிவு) ஆகி அபராதம் ஏறும். அந்த முடிவு அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 75 நாளுக்குள் மறு ஹியரிங் கேட்க முடியும்.

கிரிமினல் கோர்ட் என்று இருந்தால் கதை வேறு. தேதியைத் தவறவிட்டால் வாரண்ட். இப்படிச் சின்னச் சின்ன சம்மன்களில் தேங்கிய பழைய வாரண்டுகளை 2017-ல் நான்கு மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் சேர்ந்து ரத்து செய்தபோது எண்ணிக்கை 6.4 லட்சத்தைத் தாண்டியது. கிரிமினல் கோர்ட்டில் ஏசிடி (தள்ளுபடியை எதிர்பார்த்து வழக்கை ஒத்திவைப்பது) கொடுத்தால் வழக்கமாக 6 மாதம் பிரச்சினை இல்லாமல் இருக்கவேண்டும், பிறகு வழக்கு தள்ளுபடி.

*

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பேரப்பிள்ளை ஸ்கூல் விட்டு வருவதற்குள் முன்னாலேயே போய் உள்ளே பெஞ்ச் பிடித்து உட்காருவதுதான் அவர்கள் வழக்கம். வேலிக்கு வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போவதும் சரியில்லை: போட்டோ அடையாள அட்டை எதுவும் காட்ட முடியாவிட்டால் ஆளை உறுதிப்படுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம். ஐடிஎன்ஒய்சி என்ற நகர அடையாள அட்டை எடுத்தவர்கள் அதை வைத்துக்கொண்டால் போதும்.

கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்கள் 50 டாலர்தானே என்று கட்டிவிட்டுத் தாளைத் தூக்கிப் போடவேண்டாம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில் எப்போதாவது 'சைட்' செய்யப்பட்டீர்களா (டிக்கெட், சம்மன் வாங்கினீர்களா) என்ற கேள்வி இருக்கிறது. சம்மன் நகல், ஹியரிங் முடிவு, கிரிமினல் கோர்ட்டாக இருந்தால் சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்பொசிஷன் (வழக்கு எப்படி முடிந்தது என்ற கோர்ட் சான்றிதழ்), எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். என்ன பதில் எழுதுவது என்பதை வக்கீல் அந்த ஃபைலைப் பார்த்துச் சொல்வார்.