மறு: டிஸ்க் இமேஜ் – ‘வட்டுப்படி’ சரிவருமா?

நண்பர்களே,

நெகிழ்வட்டில் (ஃபிளாப்பி) உள்ள அத்தனையையும் அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைப்பதுதான் டிஸ்க் இமேஜ். அதற்கு ‘வட்டுப்படி’ என்று சொல்லலாம் என்ற என் யோசனைக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> படிமம் என்ற சொல் ஏற்கனவே இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?

படிமம் நல்ல சொல்தான், ஆனால் இந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது. பழைய நெகிழ்வட்டு ஒன்றின் படிமத்தை அனுப்பச் சொல்லி ஒருவருக்கு மடல் போட்டேன். வட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என அனுப்பிவைத்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

‘நகல்’ என்றால் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்வதாகத் தோன்றும். நமக்கு வேண்டியது முழு வட்டு. 1.44 மெகாபைட் வட்டில் ஒரே ஒரு கடிதம் இருந்தாலும் 80 தடம் (வட்டில் வளையமாக ஓடும் பாதை), 2 பக்கம், தடத்துக்கு 18 பிரிவு (தடத்தின் துண்டு), பிரிவுக்கு 512 பைட் என 14,74,560 பைட்டும் வந்தாக வேண்டும். கணினியைக் கிளப்பும் முதல் பிரிவும், அழித்த கோப்புகளின் மிச்சமும் அதற்குள்தான் கிடக்கின்றன.

அதனால்தான் ‘படி’. ஏட்டைப் படியெடுத்தார்கள், கையெழுத்துப்படி, மூலப்படி எல்லாம் இன்றும் புழக்கத்தில் உள்ளவை. வரிக்கு வரி அப்படியே எடுப்பது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. வினையும் கையோடு கிடைக்கிறது: படியெடு.

‘வட்டைப் படி’ என்ற ஏவலோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அங்கே ஐ உருபு இருக்கிறது, இங்கே இல்லை. சேர்த்தே எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

> ஃபிளக்ஸ் இமேஜுக்குப் ‘பாயப்படிமம்’?

ஃபிளக்ஸ் இமேஜ் என்பது கோப்பு, பிரிவு எதையும் பாராமல் வட்டின் காந்தப் பதிவையே எடுத்து வைப்பது. இயற்பியல் பாடநூலில் ஃபிளக்ஸுக்குக் காந்தப்பாயம் என்ற சொல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எடுக்கும் கருவி பதிவுசெய்வது பாயத்தை அல்ல. அமிகா என்ற பழைய கணினியின் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: தடத்துக்கு 11 பிரிவு, மொத்தம் 880 கிலோபைட். யுஎஸ்பி நெகிழ்வட்டு இயக்கியில் போட்டால் வெறும் வட்டு என்று கையை விரித்துவிடும். அப்போது கிரீஸ்வீசில் போன்ற சிறு மின்சுற்றுப் பலகையைப் பழைய இயக்கியோடு நேரடியாக இணைக்கிறோம். வட்டில் காந்தத் திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் இயக்கி ஒரு துடிப்பைத் தரும். இரண்டு துடிப்புக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பலகை குறித்துக்கொள்ளும். 720 கிலோபைட் வட்டில் அது ஏறத்தாழ 4, 6, 8 மைக்ரோநொடி. பிரிவு எது, கோப்பு எது என்பதெல்லாம் அப்புறம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நாடி பிடிப்பது போலத்தான். எனவே ‘துடிப்புப்படி’ என்கிறேன். வாயில் கொஞ்சம் இடறுகிறது, பழகிவிடும்.

எதிர்த்திசைக்குத்தான் சொல் சிக்கவில்லை. படியை மறுபடி வட்டில் எழுதுவதற்கு ‘படியிறக்கு’ என்றால் பதிவிறக்கத்தின் சாயல் வந்துவிடுகிறது. இந்த வேலைக்குத் தனிச்சொல் தேவை, ஏனென்றால் வேலையே தனி. 1.2 மெகாபைட் இயக்கியில் (80 தடம்) 360 கிலோபைட் படியொன்றை (40 தடம்), ஏற்கனவே எழுதியிருந்த வட்டின்மேல் எழுதினேன். அந்த இயக்கியில் பிசிறில்லாமல் படித்தது, பழைய கணினியின் 40 தட இயக்கியில் ஒரு வரிகூட வரவில்லை. 80 தட இயக்கியில் படித்து எழுதும் முனை ஒடுக்கம். பழைய எழுத்து இருபுறமும் விளிம்பாக நின்றுவிட, 40 தட முனை இரண்டையும் சேர்த்துப் படித்துத் திணறியது. காந்தத்தால் வட்டை முழுக்கத் துடைத்துவிட்டு எழுதிய பிறகுதான் சரியானது.

‘மீளெழுது’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது. திருத்தி எழுதுவது போல ஒலிக்கிறதோ? வேறு தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.