புதுப்பிப்பு: காற்றடித்தால் அறுந்த இணையம், காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீடு, கேபிள் வராது. உள்ளூர் நிறுவனம் ஒன்று மொட்டைமாடியில் சின்ன டிஷ் வைத்து, 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவரிலிருந்து இணையம் தருகிறது. ஆடிக் காற்று அடித்தாலே போய்விடும். ரவுட்டரை மாற்றச் சொன்னவர்களே, 1,800 ரூபாய் தண்டம்!

காரணம் தென்னை. டிஷ் பக்கத்தில் நின்று பார்த்தால் டவர் பளிச்சென்று தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் டிஷ்ஷுக்கு வரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை நூல் மாதிரி ஒல்லியாகப் போவதில்லை, நடுவில் பருத்துப் பரவிப் போகும். இந்தத் தூரத்துக்கு நடுவழியில் சுற்றிலும் 6 மீட்டர் போலத் தடையில்லாத இடம் வேண்டும். ஃப்ரெனெல் மண்டலம் என்கிறார்கள். நடுவே இருக்கும் தோப்பின் மட்டைகள் ஆட ஆட அதற்குள் தலையை நீட்டியிருக்கின்றன. நனைந்த ஓலை இன்னும் மோசம்.

மரத்தை வெட்டவா முடியும்? சரிசெய்ய வந்த தம்பி 20 அடி ஜிஐ பைப்பில் டிஷ்ஷை ஏற்றி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, லேப்டாப்பைப் பார்த்தபடியே இம்மி இம்மியாகத் திருப்பினார். சிக்னல் -79 டிபிஎம்மிலிருந்து (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) -63க்கு வந்தது. நேற்று முழுக்கப் பேய்க்காற்று, ஒரு தடவைகூட அறவில்லை.

பைப் காசு யார் தருவது என்ற பஞ்சாயத்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம், ஐப்பசி இடிக்கு முன்னால் எர்த் கம்பி போட வேண்டும்.